மாடியில் இருப்பவனும் நம்மவனே!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு தாயும் மகனும் வந்தார்கள். தாயின் கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதைத் திறந்து மேசை மேல் கொட்டினார். சயான் மருத்துவமனையில் மகன் பிறந்ததற்கான சான்று, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அவன் படித்ததற்கான சான்று, தடுப்பூசி அட்டை, சீட்டு கட்டிய நோட்டு, திருநெல்வேலி மாவட்டத்து முகவரியோடு ஒரு ரேஷன் கார்டு. தாராவியில் ஒரு மாடி அறையில் 2006 முதல் குடியிருக்கும் குடும்பம் அது. அதைச் சொல்ல வீட்டு முகவரி போட்ட காகிதம் ஒன்றுகூட அந்த டப்பாவில் இல்லை. லைட் பில் கீழ்வீட்டுக்காரர் பெயரில். முன்பணம் கொடுத்ததும் வாய்ப்பேச்சில். மாத வாடகைக்கு ரசீது என்பதே கிடையாது.

“அண்ணாச்சிகிட்ட ஒரு கையெழுத்துதான் கேட்டோம். தர மாட்டேங்காவ” என்றார் அந்தத் தாய்.

அந்த அண்ணாச்சி யாரோ அந்நியர் அல்லர், அதே ஊர்க்காரர். நம் சங்கத்துக்கு நெடுநாள் சந்தா கட்டி வருபவர். 1976 கணக்கெடுப்பில் எண் வாங்கிய குடும்பத்தின் பிள்ளை.

இந்த ஒரு வீட்டின் கதையை நாம் தலையங்கத்தில் எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். இது ஒரு வீட்டின் கதையன்று. தாராவியில் தமிழர் வாழும் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் இந்தக் கதை ஏணிப்படிக்கு ஏணிப்படி காத்துக் கிடக்கிறது. கீழே இருப்பவன் கையில் காகிதம். மேலே இருப்பவன் கையில் ஒன்றுமில்லை. இருவரும் ஒரே ரயிலில் வந்தவர்கள். வந்த ஆண்டுதான் வேறு. இன்று அந்த ஆண்டுதான் மனிதனை இரண்டாகப் பிரிக்கிறது.

நாம் இந்த நாட்டின் குடிமக்கள். இந்தியாவின் எந்தப் பகுதியிலும் சென்று வசிக்கவும் குடியமரவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்று அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. மும்பைக்கு வர நமக்கு விசா தேவையில்லை. தாதர் ரயிலில் ஒரு டிக்கெட் போதும். ஆனால் வந்து இறங்கியபின் நாம் பட்ட பாடு என்ன? இந்த நாட்டின் குடிமகன், இந்த நகரத்தில் காகிதமில்லாதவனாக ஆனான். அவன் குடிசை போட்ட நிலம் அவனுடையதல்ல என்றார்கள். குழாய் கேட்டால் நீ யார் என்றார்கள். விளக்குக் கேட்டால் வீட்டு எண் எங்கே என்றார்கள். மாதுங்காவில் அலுவலக வேலைக்கு வந்து குடியேறியவர்கள் கையில் நியமன உத்தரவும் வாடகை ரசீதும் இருந்தன. தோல் பதனிடவும், மூட்டை சுமக்கவும், கட்டிட வேலை செய்யவும் வந்தவர்களுக்கு அந்த இரண்டில் ஒன்றும் இல்லை. சேற்றையும் சதுப்பையும் மண்போட்டு மேடாக்கியது நம் பாட்டன்மார். அந்த மேட்டில் அவர்கள் குடியிருந்ததற்குச் சான்று கேட்டது அரசாங்கம்.

அந்தச் சான்று முதன்முதலாக எப்படி வந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும். 1971இல் மகாராஷ்டிர அரசு சேரிப்பகுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குடிசை என்றால் இடிப்பது ஒன்றே வழி என்றிருந்த நிலை மாறி, இருக்கும் இடத்திலேயே தண்ணீர், கழிப்பிடம், விளக்கு போன்ற வசதிகளைச் செய்து தரலாம் என்ற எண்ணம் சட்டத்துக்குள் வந்தது. 1976 சனவரியில், அரசு நிலங்களிலும் மாநகராட்சி நிலங்களிலும் இருந்த குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டன. கதவில் எண் எழுதினார்கள். குடும்பத் தலைவரைப் படம் பிடித்து அட்டை கொடுத்தார்கள். அதுதான் ‘போட்டோ பாஸ்’. அந்த அட்டை நிலத்துக்குப் பட்டா ஆகாது. ஆனாலும் அன்று வரை ஆக்கிரமிப்பாளன் என்று ஏசப்பட்டவன், அரசாங்கமே எண் கொடுத்த குடியிருப்பாளன் ஆனான். இடித்தால் மாற்று இடம் கேட்க அவனுக்கு ஒரு பிடி கிடைத்தது.

ஆனால் அதே 1976இல் செம்பூர்ப் பக்கம் நடந்ததையும் மறந்துவிடலாகாது. ஜனதா காலனி என்ற குடியிருப்பு. 1950களின் தொடக்கத்தில், நகரத்தின் உட்பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகளை நகராட்சியே கொண்டுவந்து குடிவைத்த இடம் அது. தமிழர் பெருந்தொகையாக வாழ்ந்தனர். அணுசக்தி நிலையத்துக்கு நிலம் வேண்டும் என்று சொல்லி, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம் காவல் படையைக் கொண்டு அந்தக் குடியிருப்பைத் தரைமட்டமாக்கினார்கள். ஏறத்தாழ 70,000 பேர் சீத்தா கேம்ப் என்ற இடத்துக்குப் பெயர்க்கப்பட்டார்கள். அரசு வைத்த இடத்தில் இருந்தவனுக்கே அந்தக் கதி! அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். தேசியச் சேரிவாழ் மக்கள் கூட்டமைப்பைக் கட்டி, 2018இல் மறையும் வரை அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்றுண்டு: நம்மை நாமே எண்ணிக்கொள்ள வேண்டும், அரசாங்கம் எண்ணட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1981 சூலையில் அன்றைய முதலமைச்சர் அந்துலே, நடைபாதைவாசிகளை அவரவர் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பப் போவதாக அறிவித்தார். மழை கொட்டும் மாதம். குடிசைகள் பிய்த்தெறியப்பட்டன. சேலத்திலிருந்து 1961இல் வேலை தேடி வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவரின் குடிசையும் அவற்றில் ஒன்று. வறட்சியால் பிழைப்பற்று வந்தவர். நாள் கூலி 23 ரூபாய். மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் அவரைச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள் என்று உச்சநீதிமன்ற மனு கூறுகிறது. அவர் என்ன செய்தார்? குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் திரும்பவும் இதே நகரத்துக்கு, இதே நடைபாதைக்கு வந்து சேர்ந்தார். வயிறு இங்கே அல்லவா இருக்கிறது!

பத்திரிகையாளர் ஓல்கா டெலிஸ் முதலானோரும், இந்தத் தொழிலாளியும், மேற்கு விரைவுச் சாலையோரம் இருந்த காமராஜ் நகர் என்ற குடியிருப்பின் மக்களும் தொடுத்த வழக்குகளில் 1985 சூலை 10ஆம் நாள் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றார்கள். இந்த நாட்டுச் சட்ட வரலாற்றில் அது பெரிய சொல். அந்தச் சொல்லைப் பெற்றுத் தந்ததில் ஒரு சேலத்துக் கூலிக்காரனுக்கும் பங்குண்டு என்பதில் நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் அதே தீர்ப்பு, நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னது. முன்னறிவிப்புக் கொடுத்து, மழைக்காலம் முடிந்தபின் அகற்றலாம் என்றது. 1976 கணக்கெடுப்பில் எண் பெற்றவர்களுக்கு மாற்று இடம் தரவேண்டும் என்றது. எண் பெறாதவன்? 1977இல் வந்தவன்? கணக்கெடுத்த அன்று ஊரில் தாய் செத்துப் போனதால் குடிசையைப் பூட்டிவிட்டுப் போனவன்? அவனைப் பற்றித் தீர்ப்பு உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை.

அன்று முதல் நம் வாழ்வை ஆண்டு வருவது சட்டத்தைவிடத் தேதிதான். முதலில் 1976 என்றார்கள். பிறகு 1985 என்றார்கள். 1995இல் சேரி மறுவாழ்வுத் திட்டம் வந்தபோது 1995 சனவரி 1 என்றார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி 2000 சனவரி 1 என்றார்கள். 2018இல், 2000க்கும் 2011க்கும் இடையே வந்தவர்களுக்குப் பணம் கட்டினால் வீடு உண்டு என்றார்கள். ஒவ்வொரு தேர்தலின் வாசலிலும் தேதி சற்றே நகரும். நகரும்போது சிலர் கரையேறுவார்கள். மற்றவர் தண்ணீரில் நிற்பார்கள். கரையேறியவன் திரும்பிப் பார்க்கிறானா என்பதுதான் நம் கேள்வி.

இப்பொழுது தாராவியில் நடப்பது என்ன? 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் 5,069 கோடி ரூபாய் முதலீட்டுக் கேள்வியுடன் அதானி குழுமம் வென்றது. திட்டத்தை நடத்தும் நிறுவனத்தில் அக்குழுமத்துக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு பங்கு. 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். அறிவித்த விதி இது: 2000 சனவரி 1க்கு முன்பிருந்து கீழ்த்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பின், 2011 சனவரி 1க்கு முன் வந்த கீழ்த்தளத்தாருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதற்கு இரண்டரை இலட்சம் ரூபாய் கட்டவேண்டும். 2011க்குப் பின் வந்தவர்களுக்கும், எந்த ஆண்டில் வந்திருந்தாலும் மாடியில் இருப்பவர்களுக்கும், 2022 நவம்பர் 15க்கு முன்பிருந்து அங்கே குடியிருப்பதைக் காட்டினால், தாராவிக்கு வெளியே வாடகை வீடு. பின்னர் விலை கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

நன்றாகக் கவனியுங்கள். கீழே இருப்பவனுக்கு வந்த ஆண்டைப் பார்க்கிறார்கள். மாடியில் இருப்பவனுக்கு ஆண்டையும் பார்ப்பதில்லை. 1990இல் மாடி ஏறியவனும் 2020இல் மாடி ஏறியவனும் ஒன்றே. இருவரும் வெளியே. வெளியே என்றால் எங்கே? முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் உப்பளங்கள் பேசப்படுகின்றன. தேவ்னார்க் குப்பைமேட்டு நிலம் பேசப்படுகிறது. தாராவித் தோல் பட்டறையில், தையல் பட்டறையில், முறுக்குச் சுடும் வீட்டில், இட்லிக் கூடையைத் தலையில் சுமந்து காலை ஐந்து மணிக்குப் புறப்படும் தெருவில் பிழைப்பவன் அங்கே போய் என்ன செய்வான்? பிழைப்புரிமையும் உயிருரிமையில் அடங்கும் என்ற 1985 தீர்ப்பின் சொல், உப்பளத்தில் கட்டப்படும் பத்துமாடிக்கு மட்டும் பொருந்தாதா? இதை நாம் அரசைக் கேட்கிறோம், தொடர்ந்து கேட்போம்.

ஆனால் அரசைக் கேட்பதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த வாடகை வீடுகூட, மாடியில் இருந்ததற்குச் சான்று காட்டினால்தான். அந்தச் சான்று யாரிடம் இருக்கிறது? கீழ்வீட்டுக்காரரிடம் இருக்கிறது. மீட்டர் அவர் பெயரில். வீட்டு எண் அவர் பெயரில். இவன் இத்தனை ஆண்டு மேலே குடியிருந்தான் என்று உலகத்திலேயே நன்றாக அறிந்தவர் அவர்தான். மாதாமாதம் முதல் வாரம் வாடகை வாங்கிய கை அது. அந்தக் கைதான் இன்று கையெழுத்துப் போட மறுக்கிறது.

ஏன் மறுக்கிறார்கள் என்பதை நாம் விசாரித்தோம். கெட்ட மனத்தால் மட்டும் மறுக்கவில்லை, அச்சத்தாலும் மறுக்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் நாளை நம் வீட்டில் பங்கு கேட்பானோ என்பது முதல் அச்சம். வாடகைக்கு விட்டதை ஒப்புக்கொண்டால் போட்டோ பாஸையே பறித்துவிடுவார்களோ என்பது இரண்டாவது. மாடியில் யாருமில்லை என்று சொன்னால் அந்த மாடியையும் நம் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்பது சிலரின் ஆசை. கணவனை இழந்த பெண்கள் பலருக்கு மாடி வாடகைதான் அரிசி, மருந்து எல்லாம். அந்த வாடகை போய்விடுமே என்ற கவலை அவர்களுக்கு. இந்தக் கவலையை நாம் அற்பமாக எண்ணவில்லை.

ஆயினும் சில செய்திகளை நிதானமாக எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறோம். மாடியில் இருப்பவருக்கு அறிவிக்கப்பட்டிருக்கும் வீடு வேறிடத்தில். அதை அவர் பெறுவதால் கீழ்வீட்டுக்காரரின் 350 சதுர அடியில் ஓர் அடியும் குறைவதில்லை. வாடகை வருமானம் போவது உண்மை. ஆனால் அதைப் பறிப்பது இடிக்க வரும் திட்டம். குடியிருந்தவரின் சான்று அல்ல. கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த மாடி இடியத்தான் போகிறது. அந்த வருமானத்துக்கு ஈடு கேட்பது நியாயமான கோரிக்கை. அதைக் கேட்க வேண்டிய இடம் அரசு. இத்தனை ஆண்டு வாடகை கொடுத்தவனைத் தெருவில் நிறுத்தி அந்த ஈட்டைப் பெற முடியாது. போட்டோ பாஸ் பறிபோகுமோ என்று அஞ்சுவோர் சங்கத்துக்கு வாருங்கள்; வழக்கறிஞர்களை வைத்துக் கலந்து பேசி, எவ்வாறு எழுதிக் கொடுப்பது என்று பார்ப்போம். வராமலே வீட்டுக்குள் இருந்து அஞ்சுவதால் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1960களின் பிற்பகுதியில் தென்னாட்டான் என்று சொல்லி நம்மை விரட்டியபோதும், 1981இல் ஊருக்குப் போ என்று பேருந்தில் ஏற்றியபோதும் நாம் கேட்ட கேள்வி என்ன? “இத்தனை ஆண்டு இங்கே உழைத்தோமே, எங்கள் வியர்வைக்குச் சாட்சி இல்லையா?” என்று கேட்டோம். அன்று அரசாங்கம் நமக்குச் சாட்சி சொல்ல மறுத்தது. இன்று நாம் நம்மவனுக்குச் சாட்சி சொல்ல மறுக்கிறோம். அப்படியானால் அன்று நாம் கேட்டது நியாயமா, அல்லது நமக்கு மட்டும் வேண்டிய சலுகையா?

காகிதத்தால் மனிதரைப் பிரிப்பது தாராவியின் தனிக்கதையும் அன்று. தமிழன் உழைக்கப் போன இடமெல்லாம் இக்கதை உண்டு. இலங்கை மலையகத்தில் தேயிலை வளர்த்த நம் மக்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே வீச்சில் பறித்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. ஒரே லயத்தில் அண்ணன் அந்தப் பட்டியல், தம்பி இந்தப் பட்டியல். நாடற்றவர் என்ற பெயர் முற்றாக நீங்க வழிசெய்த இலங்கைச் சட்டம் வந்தது 2003இல். அதிலும் ஒரு தேதி: 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வசித்தவரும் அவர் வழிவந்தோரும். ஐம்பத்தைந்து ஆண்டுகள்! இடையில் செத்தவர்களுக்கு எந்தச் சட்டமும் வந்து சேரவில்லை.

1983க்குப் பின் உயிர் தப்பித் தமிழ்நாட்டுக்கு வந்து முகாம்களில் கிடக்கும் ஈழத் தமிழர் நிலை அதனினும் கொடிது. அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் இன்னும் அகதிகள். 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 சனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனை விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. தண்டனையிலிருந்துதான் விலக்கு, குடியுரிமை அல்ல. அமெரிக்காவில் 1986இல் ஒரு சட்டம் செய்து, 1982 சனவரி 1க்கு முன்பிருந்து காகிதமின்றி வாழ்ந்த ஏறத்தாழ 16 இலட்சம் பேருக்குச் சட்டப்படி தங்கும் உரிமை தந்தார்கள். அங்கேயும் கேட்கப்பட்டது வாடகை ரசீதும் சம்பளச் சீட்டும்தான். ஒளிந்து வாழ்ந்தவனிடம் ஒளிந்ததற்கு ரசீது கேட்டால் அவன் எங்கே போவான்? வேலை கொடுத்தவரும் வீடு கொடுத்தவரும் எழுதிக் கொடுத்தால்தானே அவனுக்கு வழி பிறக்கும்? உலகம் முழுவதும் உழைப்பாளியின் கதை இதுதான்: அடுத்த உழைப்பாளியின் சாட்சிதான் அவனுக்குச் சொத்து.

ஆகவே நாம் செய்யவேண்டியவை சில உண்டு.

முதலாவது, மாடிக்கு வாடகை வாங்கிய நம்மவர் ஒவ்வொருவரும், குடியிருப்பவர் எந்த ஆண்டு முதல் இருக்கிறார் என்பதை உள்ளபடி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். உள்ளபடி என்பதை அழுத்திச் சொல்கிறோம். பணம் வாங்கிக்கொண்டு வராதவனை வந்தவனென்றும், நேற்று வந்தவனை அன்றே வந்தவனென்றும் எழுதித் தரும் தரகர்கள் கிளம்பியிருக்கிறார்கள். ஒரு பொய்க் காகிதம் பிடிபட்டால் அந்தச் சந்தின் மெய்க் காகிதம் எல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இரண்டாவது, பழைய காகிதம் எதையும் எறியாதீர்கள். பழைய வாக்காளர் பட்டியலில் பெயருள்ள பக்கம், போட்டோ பாஸ், ரேஷன் கார்டு, லைட் பில், கடை வைத்திருப்போர் குமாஸ்தா லைசென்ஸ், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, மருத்துவமனைச் சீட்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வையுங்கள். எவர் கேட்டாலும் மூலத்தைக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்காதீர்கள். பிரதி கொடுங்கள், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்றாவது, வாக்கு. இங்கே உழைத்து, இங்கே பிள்ளை வளர்த்து, வாக்கை மட்டும் ஊரில் வைத்திருப்போர் நம்மிடையே ஏராளம். ஊர்ப்பாசம் நமக்கும் உண்டு. ஆனால் ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம் என்பது 1950ஆம் ஆண்டுச் சட்டம். மும்பைப் பட்டியலில் பெயரில்லாதவன், மும்பையில் நான் குடியிருந்தேன் என்று நாளை எப்படி நிலைநாட்டுவான்? அந்தத் தாயின் குடும்பம் ஒவ்வொரு தேர்தலுக்கும் செலவு செய்து ஊருக்குப் போய் வாக்களித்தது. அந்தப் பயணமே இன்று அவர்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. எங்கே வாழ்கிறீர்களோ அங்கே பதிவு செய்யுங்கள்.

நான்காவது, காகிதத்தில் பெண்ணின் பெயர். ஆண்மகன் வேறு குடும்பம் தேடிப் போனாலும், குடித்து வீட்டை விற்றாலும், பிள்ளைகளோடு அந்தக் கூரையின்கீழ் கிடப்பவள் அவள்தான். கணவன் பெயரோடு மனைவி பெயரும் இருக்கட்டும். வாடகை எழுதிக் கொடுப்போரும் குடியிருக்கும் பெண்ணின் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள்.

ஐந்தாவது, நம்மை நாமே எண்ணுவோம். இது கனவு அன்று. செய்து காட்டப்பட்ட செயல். 1985இல் நடைபாதைவாசிகளை ஒரு தொண்டு நிறுவனம் அவர்களோடு சேர்ந்தே எண்ணியபோது ஏறத்தாழ 6,000 குடும்பங்களின் விவரம் வெளியுலகுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு, பிரதமர் ராஜீவ் காந்தி அறிவித்த நிதியில் தாராவியைத் திருத்தப் போவதாகச் சொன்னபோது, இங்கே 55,000 குடும்பங்கள்தாம் என்று அரசுத் தரப்பு கணக்குக் காட்டியது. சேரிவாழ் மக்கள் கூட்டமைப்பு தானே எண்ணியபோது கணக்கு 86,000 குடும்பங்களை எட்டியது. முப்பதாயிரம் அடுப்புகள் அரசின் தாளில் எரியாமலே இருந்தன! இன்றும் அப்படி நேராதிருக்க வேண்டுமானால் சந்துக்கு ஐந்து இளைஞர்கள் வேண்டும். படித்த பிள்ளைகளே, மராத்தியும் ஆங்கிலமும் அறிந்தவர்களே, விண்ணப்பம் எழுதத் தெரியாத தாய்மார் உங்களை எதிர்பார்த்து நிற்கிறார்கள்.

அரசிடம் நம் கோரிக்கை தெளிவானது. மாடி, கீழ்த்தளம் என்று மனிதரைப் பிரிக்காதீர்கள். தாராவியில் பிழைப்போருக்குத் தாராவியிலேயே இடம் கொடுங்கள். தகுதியில்லை என்று ஒருவர் பெயரை அடிக்கும் முன் அவருக்குப் புரியும் மொழியில் முன்னறிவிப்புக் கொடுத்து, நேரில் அழைத்து, அவர் சொல்வதைக் கேளுங்கள். காகிதம் இல்லாத இடத்தில் அக்கம்பக்கத்தாரின் சாட்சியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இது பிச்சையன்று. இந்த நகரத்தின் தோலையும் துணியையும் பானையையும் பலகாரத்தையும் ஆக்கிக் கொடுத்த கைகள் கேட்கும் கணக்கு.

கடைசியாக அந்த அண்ணாச்சியைப் பற்றி. சங்கத்தார் மூவர் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் கோபப்பட்டார். “நீங்களா வந்து எனக்கு வீடு தரப்போறீங்க?” என்று கேட்டார். நாம் வாதாடவில்லை. அவருடைய தகப்பனார் 1976இல் எண் வாங்கிய கதையை அவரே சொல்லும்படி கேட்டோம். அவர் சொன்னார். கணக்கெடுக்க வந்த அன்று தகப்பனார் வேலைக்குப் போயிருந்தாராம். வீடு பூட்டிக் கிடந்ததாம். வந்தவர்கள் எண் போடாமல் அடுத்த கதவுக்குப் போகத் திரும்பியபோது, பக்கத்துக் குடிசைக் கிழவி ஓடிவந்து வழிமறித்து, “இங்கே ஆள் இருக்கு, எழுது” என்று சத்தம் போட்டாளாம். அந்தக் கிழவிக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. அவள் போட்ட சத்தத்தில்தான் எண் விழுந்ததாம்.

சொல்லி முடித்தவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “யோசிச்சுச் சொல்லுதேன்” என்றார். இந்த இதழ் அச்சுக்குப் போகும் வரை அவர் கையெழுத்துப் போடவில்லை. போடுவார் என்று நம்புகிறோம்.

அந்தக் கிழவி யாரென்று இன்று எவருக்கும் தெரியாது. அவளுக்கு வீடு கிடைத்ததா என்பதும் தெரியாது. ஆனால் நம்மில் காகிதம் உள்ள ஒவ்வொருவர் பின்னாலும் அப்படி ஒருவர் நின்றிருக்கிறார். இன்று நின்று சொல்ல வேண்டிய முறை நம்முடையது: மேலே ஆள் இருக்கிறது, எழுது!